சுபிதாவும் மாமாவும் ஒரே கம்ப்யூட்டரும்

தக்கலைப் பக்கம் சுபிதாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், மஸ்கட்டில் தெரிந்தவர்கள் உண்டு. அவளிடம் கணக்குப் படிக்காத மலையாளி, தமிழ்ப் பிள்ளைகள் அங்கே அவள் புருஷன் ரெனிஷ் குடியிருக்கும் கட்டடத்தில் குறைவு. எம்.எஸ்சி. முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள், குழந்தை பிறந்ததும் அதை விட்டாள். பிறகு வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆன்லைனில் அவளே தேடிப் பிடித்த மாணவர்கள் இவர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் சாயங்காலம் அவளுடைய நேரம்.

காலை நேரம் மாமனார் யேசுரத்தினத்துடையது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் புரை, காதும் மந்தம். அதனால் திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு இருக்கும். சத்தம் உச்சியில் நிற்கும். ஆன் செய்த உடனே பிரசங்கம், செய்தி, சீட்டு விளையாட்டு மூன்றும் தாமாகத் திறக்கும்படி யாரிடமோ கேட்டு அமைத்து வைத்திருந்தார். சுபிதா சாயங்காலம் ஒவ்வொன்றாக நிறுத்துவாள், எழுத்தைச் சிறிதாக்குவாள். மறுநாள் எல்லாம் பழையபடி வந்து நிற்கும். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றிக் கம்ப்யூட்டர் எழும்புவதற்குள் அவளுக்குத் தலை வலித்துவிடும். ஒருநாள் பின்னப் பாடத்தின் நடுவில் போதகர் உரக்க ஜெபிக்க, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ரெனிஷிடம் சொன்னால், "அப்பா பாவம் சுபி, நீ கொஞ்சம் பொறுத்துக்க" என்பான்.

"நீங்க அங்கேருந்து சொல்லுவிய. தெனமும் சரியாக்குறது நானாக்கும்" என்று போனை வைப்பாள்.

பிள்ளைகளின் அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் அது எழும்பவே இல்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கில எழுத்து மட்டும். அணைத்தாள், போட்டாள். வயரையெல்லாம் பிடுங்கிச் செருகினாள். மறுபடியும் அதே கறுப்பு. போனில் பிள்ளைகளின் அம்மாமார், 'மிஸ், கிளாஸ் இல்லையா?' என்று வரிசையாகக் கேட்டார்கள்.

"மாமா, இன்னைக்குக் காலத்த இதுல என்ன செஞ்சிய?"

"நான் ஒண்ணும் செய்யல்ல மக்கா. பாட்டு கேட்டேன், நிறுத்தினேன்."

"ஒண்ணும் செய்யாம இப்பிடி ஆகுமா?"

அவள் ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு அந்த வரிகளை நிதானமாக வாசித்தாள். வேறு டிஸ்க் ஏதும் செருகியிருந்தால் எடுத்துவிடு என்றிருந்தது. பெட்டியின் பின்புறம் குனிந்து பார்த்தாள். மாமாவின் கீர்த்தனைப் பாட்டுகள் இருந்த பென் டிரைவ் அங்கே செருகியபடி இருந்தது. கம்ப்யூட்டர் தன் ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு அதற்குள் எதையோ தேடிக்கொண்டு கிடந்திருக்கிறது. பிடுங்கிவிட்டுப் போட்டாள். எழும்பியது. வகுப்பு நேரம் பாதி போயிருந்தது.

"இனி நீங்க இதைத் தொடாண்டாம் மாமா."

யேசுரத்தினம் பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள் காலையில் நாற்காலி காலியாக இருந்தது. அவர் முற்றத்தில் நின்று ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபிதாவுக்கு எரிச்சல் தீரவில்லை. அந்தக் காலி நாற்காலியைப் பார்க்கவும் முடியவில்லை.

அவளே உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் முதலில் ஹார்ட் டிஸ்க்கைத்தான் தேட வேண்டும் என்று வரிசையை மாற்றினாள். பிறகு அவர் பேரில் தனியாக ஒரு யூசர் கணக்கு திறந்தாள். அதில் பெரிய எழுத்து, பெரிய அம்புக்குறி, அவருடைய பிரசங்கம், சீட்டு எல்லாம். காதில் மாட்ட ஒரு ஹெட்போன். தன் கணக்கில் வகுப்புக்கு வேண்டியது மட்டும்.

கூப்பிட்டுக் காட்டினாள். திரையில் தெரிந்த இரண்டு பெயர்களையும் அவர் குனிந்து பார்த்தார்.

"அப்பம் பாகம் பிரிச்சாச்சு, இல்லியா?"

"சண்டை வராம இருக்கதுக்குத்தான் மாமா."

"எனக்க பாஸ்வேர்டு என்ன?"

"ரெனிஷ் பொறந்த வருசம்."

"அது எந்த வருசம்?"

சுபிதா நெற்றியில் கை வைத்தாள். பாஸ்வேர்டையே எடுத்துவிட்டாள்.

இப்போது எழுத்துப் பிரச்சினை இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் சாயங்காலமும் அவருக்குப் பிரசங்கம் வேண்டும், அது முடியாமல் எழுந்திருப்பதில்லை. வகுப்பு நீண்டால் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். "மக்கா, எப்பம் முடியும்?" என்று கேட்பார். மஸ்கட் பிள்ளைகள் 'தாத்தா, ஹாய்' என்று கையாட்டுவார்கள். அவரும் கையாட்டுவார். சுபிதா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கணக்கை எழுதுவாள்.