குறிஞ்சாக்கேணிக் கடையில் ஓர் ஆங்கில நாடகம்

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வழி, தூரம், பஸ் கூலி எல்லாம் தருகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசிகசாலைக் கூட்டமொன்றில், முந்நூறு வருஷத்துக்கு முன்பே நாடகமும் நாவலும் எழுதிப் பிழைத்த ஓர் ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவவின்ரை ஆறு பாகமும் வாசிச்சனான்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் வாசித்தது கலைக்களஞ்சியத்தில் அரைப் பக்கம். மற்ற அரைப் பக்கத்தில் ஒரு வண்டின் படம் இருந்தது. செயலாளர் விடுவாரா? வருகிற சனிக்கிழமை என் சொற்பொழிவு என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்.

திருகோணமலையில் வேலை பார்க்கும் நண்பன்தான் வழி காட்டினான். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் போன புத்தகங்களில் அந்த ஆறு பாகமும் இருந்தனவாம். வாங்கியவர் குறிஞ்சாக்கேணியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர்.

புதன்கிழமை காலை ஏழேகாலுக்குத் திருகோணமலைப் பட்டினத்தில் பஸ் ஏறினேன். அறுபது சதம்; ஏறக்குறைய பன்னிரண்டு மைல். சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் வரை ஒரு கோழிக்கூடை என் மடியில் வந்தது. கோழிக்கு டிக்கட் இல்லை. கிண்ணியாவுக்குள் போக ஒரு தண்ணீர் கடக்கவேண்டும், குறிஞ்சாக்கேணிக்கு இன்னொரு தண்ணீர். இரண்டாவது துறையில் தோணிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆருட்டப் போறீங்க?"

"இங்கிலீஷ் புத்தகம் வைச்சிருக்கிற முதலாளியிட்டை."

"கடைசித் தாள் கொண்டு வந்திரிக்கிங்களா?"

"எந்தத் தாள்?"

"போனாத் தெரியும்" என்று சவள் துடுப்பைத் தண்ணீரில் போட்டார்.

ஒன்பதரைக்குக் கடையில் இருந்தேன். முதலாளி வெள்ளைத் தொப்பியும் பனியனுமாகச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வீட்டுக்குள் போகும் கதவில் பூப்போட்ட திரை. நான் கதிரையின் நுனியில் அமர்ந்து, அந்த ஆறு பாகமும் வாசித்தவன் நான், உங்களைப் போன்ற இலக்கிய ரசிகரைக் காண்பது அபூர்வம் என்று தொடங்கினேன்.

"எனக்கென்ன சேர் தெரியும்? நான் சரை சுத்தத்தான் எடுத்த" என்றார். சரை என்றால் சாமான் கட்டிக் கொடுக்கும் கடதாசிச் சுருள். "தடிச்ச தாள், மல்லி சுத்த நல்லம். ஆறாம் பாகத்தப் பின்னாலயிருந்து கிழிச்சிக்கிட்டு வந்தன். அதுக்குள்ள இவ கண்டிட்டா."

திரை அசைந்தது; வளையல் குலுங்கியது. அவர் மனைவி பட்டினத்துக் கன்னியர் மடத்தில் இங்கிலீஷ் படித்தவராம். மீதியைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஆறு பாகத்தையும் நாலு தரம் வாசித்துவிட்டாராம்.

"ஏழு வருஷமா எனக்கு நிம்மதி இல்ல சேர்" என்றார் முதலாளி. "கடைசி அங்கத்த ஆருக்குக் கட்டிக் குடுத்தீங்க, ஆருக்குக் கட்டிக் குடுத்தீங்க எண்டு ஒரே கேள்வி. ஊரில ஒவ்வொரு குசினியாப் போய்த் தேடினன். நீங்க வாசிச்ச ஆள். முடிவச் சொல்லுங்க. ஆறையும் கொண்டு போங்க."

திரைக்குப் பின்னால் வளையல் ஓசை நின்றது. "ஓம் சேர், சொல்லுங்க" என்றது ஒரு குரல். அந்தக் குரலில் ஏழு வருஷப் பசி இருந்தது.

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு பாகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. நாடகம் என்றால் கல்யாணத்தில்தானே முடியும் என்று துணிந்தேன். "அந்தப் பிள்ளை தான் விரும்பின பொடியனையே கட்டுறா. கிழவன் மனம் மாறி, ரெண்டு பேரையும் வாழ்த்துறார்."

முதலாளியின் முகம் பெருநாள் போல மலர்ந்தது.

"ரெண்டாம் அங்கத்தில மௌத்தாகி அடக்கம் பண்ணின கிழவனா?" என்றது குரல்.

முதலாளி தராசைக் கீழே வைத்தார். நான் அரைப் பக்கத்தையும் வண்டையும் ஒப்புக்கொண்டேன். பயணம் அதோடு முடிந்தது என்று எழுந்தபோது, திரைக்கு அடியால் தோல் அட்டைப் புத்தகம் ஒன்று தரையில் நகர்ந்து வந்தது.

"வாசிக்கல்ல எண்டா இப்ப வாசிங்க. கடைசித் தோணிக்கு நேரமிரிக்கி. புத்தகம் கடை வாசல் தாண்டாது."

பத்து மணி தொடங்கி நாலரை வரை பருப்பு மூட்டையில் சாய்ந்து வாசித்தேன். அந்தப் பெண் என்ன எழுத்து எழுதியிருக்கிறாள்! மகளைக் காசுக்காரக் கிழவனுக்குப் பேசுகிற தகப்பன், ஆண் வேஷத்தில் வீட்டை விட்டு ஓடுகிற மகள், போகாத சண்டையில் வென்றதாகப் புளுகித் திரியும் கப்டன் ஒருவன். கப்டன் வந்த இடமெல்லாம் எனக்குக் காது சுட்டது. முதலாளியின் வெறுந்தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிப்போனது. மகளின் வேஷம் கலைகிற நேரம் பார்த்துத் தாள் முடிந்தது. கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் இருந்தவருடைய ஏழு வருஷம் எனக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கியது. எங்கள் வாசிகசாலையில் முடிவைக் கேட்டு ஒருவர் இப்படித் தவித்ததை நான் கண்டதில்லை. அங்கே எங்கள் தவிப்பெல்லாம் கூட்டம் எப்போது முடியும் என்பதுதான்.

துறையிலிருந்து தோணிக்காரர் கூப்பிட்டார். புத்தகத்தைத் திரைக்கு அடியால் திருப்பித் தள்ளினேன்.

"சனிக்கிழமை சபையிலை ஆரும் முடிவைக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

"மல்லி சுத்தியாச்செண்டு சொல்லுங்க."