இரண்டு கட்டிலில் ஒரு கப்பல்

எனக்கு அப்போது பத்து வயது. வடக்கே, லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் தரைத்தள வீடு. இரண்டு அறைகள், ஐந்து பேர். ஐந்தாவது ஆள் அப்பாவின் தங்கை. அத்தைக்கு இருபத்தாறு வயது. ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.

அந்தக் குளிர்காலத்தில் கப்பல் காதல் படம் ஒன்று வந்தது. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். அப்பா அதற்கு மேலும் ஒரு சட்டம் போட்டார். எங்கள் வீட்டில் வயது வந்தவர்களும் பார்க்கக் கூடாது. "குடும்பத்துல இருக்கறவா பாக்கற படமா அது?" என்றார், அத்தையைப் பார்க்காமல்.

அடுத்த ஞாயிறு அத்தை புல்வெளி வெயிலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் தோழிகளோடு அந்தப் படத்தைப் பார்த்திருப்பாள் என்று நினைத்து, கதையைச் சொல்லும்படி நச்சரித்தேன். "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சொன்னாள். கதாநாயகன் பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மஃப்ளர் நுனியில் துடைப்பான். "ஏக் மினிட் ஜி" என்றுதான் தொடங்குவான். வேர்க்கடலையை உடைத்துப் பருப்பை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஓட்டைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான்.

"கப்பல்ல வேர்க்கடலை விப்பாளா?"

"அந்தக் கப்பல்ல விப்பா."

முடிவைக் கேட்டதற்குப் பின்னலை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். "இன்னும் கரை வரலைடி."

பொங்கலன்று பிற்பகல், பக்கத்து பிளாக்குகளின் தமிழ்க் குடும்பங்கள் ஷாமியானா போட்டுக் கூடுவது வழக்கம். பிள்ளைகள் ஏதாவது நடிக்க வேண்டும். அந்தப் படத்தைக் கேலி செய்யலாம் என்று யோசனை சொன்னவள் நான். அப்பா வெறுக்கும் படத்தைக் கேலி செய்தால் அப்பா மகிழ்வார் என்று நினைத்தேன். அத்தையிடம் சொல்லவில்லை. திடீரென்று பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

இரண்டு நார்க்கட்டில்களைச் சேர்த்துக் கட்டியது கப்பல். போர்வை பாய்மரம். நான்தான் கதாநாயகன், அப்பாவின் பழைய கண்ணாடி, அம்மாவின் மஃப்ளர். கண்ணாடியைத் துடைத்து "ஏக் மினிட் ஜி" என்றதும் ஷாமியானாவே அதிர்ந்தது. கடலையை உடைத்து ஓட்டைப் பாக்கெட்டில் போட்டபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் கூவினார்: "அட, நம்ம பஸ் ஸ்டாப் பஞ்சாபி!"

அந்தப் பஞ்சாபியை நான் பார்த்ததே இல்லை. ஆபீஸ் போகிறவர்களின் பஸ் முன் கேட்டில் வரும். எங்கள் பள்ளி பஸ் பின் கேட்டில்.

படம் பார்த்திருந்த எதிர்வீட்டு மாமி எல்லோர் முன்னிலும் சொன்னாள்: "படத்துல இதெல்லாம் கிடையவே கிடையாதே!"

அப்பா என்னிடம் வந்தார். "யாருடி சொல்லிக் குடுத்தா?"

பாராட்டைப் பங்கு போடுவதில் எனக்கு விருப்பமில்லைதான். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது.

"அத்தை" என்றேன்.

சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. இரண்டாம் வரிசையில் அத்தை சால்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். குளிர்கிறது போலும் என்று நினைத்தேன்.

அப்பா கத்தவில்லை. மறுநாள் அத்தை ஆபீஸ் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. பதினோராம் நாள் கும்பகோணத்துக்கு டிக்கெட். பெரியப்பா அங்கே ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். மனைவியை இழந்தவர், அத்தையைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். இடது கை மட்டும் பாக்கியிருந்த அந்த ஆண் ஸ்வெட்டர் அலமாரியிலேயே கிடந்தது. அம்மா அதைப் பிரித்து எனக்குக் குல்லா பின்னினாள். இரண்டு குளிர்காலம் போட்டுக்கொண்டேன்.

அத்தை ஒரு தடவைகூட அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

ரயிலடியில், கூடப் போகவிருந்த அப்பா தண்ணீர் பிடிக்க இறங்கினார். அத்தை ஜன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். பதினோரு நாளில் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"அந்தக் கண்ணாடி தொடைக்கறதை இன்னொரு தரம் பண்ணிக் காட்டுடி."

கண்ணாடி இல்லை, மஃப்ளர் இருந்தது. வெறுங்கையைக் கண்ணாடியாக வைத்துத் துடைத்து, "ஏக் மினிட் ஜி" என்றேன்.

"இன்னும் மெதுவா."

மெதுவாகச் செய்தேன். அப்பா வருவதற்குள் மூன்றாவது முறையும் கேட்டாள்.

அன்று நான் டைரி நோட்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 'அத்தைக்கு என் நடிப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது. மூன்று தடவை செய்யச் சொன்னாள். ஏனோ சிரிக்கவில்லை.'