கொள்ளைக்காரரின் மெட்டும் மாமாவின் காரும்

பிள்ளைகள், போன கிழமை நீங்கள் மூன்று பேரும் போனில் கார்கள் பறக்கிற படமொன்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களோடு இருந்த நான் பாதியில் எழும்பிப் போய்விட்டேன். அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று சின்னவள் சொன்னது காதில் விழுந்தது. அது சரியில்லை. பத்து வயதில் எனக்கு அப்படியொரு படத்தில் பைத்தியமே பிடித்திருந்தது. அந்தப் பைத்தியம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

அது போர்க் காலம். நாங்கள் வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்தோம். ஆஸ்பத்திரி அக்கரையில், நகரத்தில். வாகனங்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை ஒன்று இருந்தது. அதைப் 'பாதை' என்போம். அக்கரையில் இறங்கியதும் ஆமிக் காவலரண். எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வரவிடமாட்டார்கள். டோர்ச்சுக்குப் போடும் பற்றரி கூட வராது.

அப்படியிருந்த ஊரில், நெல் ஆலைக்காரர் எங்கிருந்தோ ஒரு டீவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து, ஆலை ஜெனரேற்றரில் பூட்டி, ஒரு பகல் முழுக்கப் படம் காட்டினார். கடைசியாகப் போட்டது ஒரு வெள்ளைக்காரப் படம். மலைநாட்டு நகரம் ஒன்றில் வங்கியை உடைத்து, நகைகளை அள்ளிக்கொண்டு இரண்டு குட்டிப் பச்சைக் கார்கள் ஓடுகின்றன. சந்தைக்குள்ளால், படிக்கட்டால், தண்ணீர் வற்றிய கால்வாய்க்குள்ளால். பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. முடிவில் காவல்காரர்கள் துவக்கை நீட்டிக்கொண்டு மறிப்பார்கள். அவர்கள் வெடிவைக்க வைக்க, கார்கள் நிற்காமல் தடையை உடைத்துக்கொண்டு போகும். அப்போது ட்ரம்பெட்டில் ஒரு மெட்டு வரும் பாருங்கள்! நாங்கள் இருந்த வாங்கில் ஏறி நின்று கத்தினோம். அத்தனை வெடியில் ஒன்றுகூட யாருக்கும் படவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் மிஞ்சியிருந்த ஒரே வாடகைக் காரை வைத்திருந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் கிழட்டுக் கார். மாமாவுக்கும் அந்த மெட்டுப் பிடித்துப்போயிற்று. தன் ரேடியோ கசற்றையும் அந்த ஜெனரேற்றரிலேயே பூட்டி, டீவிக்குப் பக்கத்தில் பிடித்து அதைப் பதிந்துகொண்டார். நடுவில் ஆலைக்காரரின் இருமலும் பதிந்துவிட்டது. பிறகு நாங்கள் அந்த மெட்டைப் பாடும்போது, அந்த இடம் வந்ததும் மறக்காமல் இருமுவோம்.

படம் பிடித்த இடங்களையெல்லாம் நாங்கள் எங்கள் ஊரிலேயே கண்டுபிடித்தோம். கோயில் குளத்துப் படி அந்த நகரத்துப் படிக்கட்டு. ஆலையின் நெல் காயவைக்கும் தளம் சந்தை. வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகும் வாய்க்கால்தான் கால்வாய். பழைய சைக்கிள் ரயர்களைக் கம்பால் தட்டி உருட்டிக்கொண்டு, நாளுக்கு நாலு தரம் அந்த வங்கியைக் கொள்ளையடித்தோம்.

ரேடியோ கசற்றுக்குப் பற்றரி கிடைக்காததால் மாமா அதைக் காரின் பற்றரியில் வயர் பூட்டி வைத்திருந்தார். "கார் ஓடக்கொள்ள மட்டும்தான் போடோணும் மனே. சும்மா நிக்கக்க போட்டா பற்றரி இறங்கிரும்" என்று சொல்லியும் இருந்தார். ஒரு நாள் பின்னேரம் அவர் வயலுக்குப் போனதும் நான் காருக்குள் ஏறி அந்த மெட்டைப் போட்டேன். முடிய முடியத் திருப்பிப் போட்டேன். ட்ரம்பெட் மெல்ல மெல்ல ஆனையின் முனகல் மாதிரி ஆகும்வரை இருந்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனேன். இதை மாமாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் சித்திக்குப் பிள்ளைவலி வந்தது. சித்தப்பா கரடியனாற்றில் வேளாண்மை வெட்டுக்குப் போயிருந்தார். வந்து பார்த்த மருத்துவிச்சி, "பிள்ளை குறுக்கால கிடக்கு. என்னால ஏலாது. சுறுக்கா அக்கரைக்குக் கொண்டுபோங்கோ" என்றா. மாமா சாவியைத் திருப்பினார். கார் ஒரு விக்கல் எடுத்துவிட்டு அடங்கிப்போனது.

ஊரே கூடித் தள்ளியது. ஆலை வாசல்வரை தள்ளிய பிறகுதான் இஞ்சின் உயிர் பிடித்தது. பின்சீற்றில் அம்மாவின் மடியில் சித்தி படுத்திருந்தா. சின்னப் பிள்ளை இருந்தால் ஆமி அதிகம் சந்தேகப்படாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அதனால் என்னை முன்சீற்றில் ஏற்றினார்கள். காரை மிதவையில் ஏற்றியதும் பாதைக்காரர் இஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"நிப்பாட்டினா திரும்ப எழும்பாது மச்சான். இப்பிடியே விடு" என்று மாமா கெஞ்சினார்.

சித்தி முதலில் கத்திக்கொண்டிருந்தா. நடு வாவியில் கத்துவதை விட்டுவிட்டா. அம்மா, "கதைகா, என்னோட ஏதாவது கதைகா" என்று பேசவைக்கப் பார்த்து, அவவின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பற்றரியை இறக்கியவன் நான்தான் என்பது என் முதுகில் எழுதியிருப்பது போல இருந்தது.

அக்கரையில் ஒரு சட்டம். காவலரணுக்கு ஐம்பது கஜ தூரத்தில் இஞ்சினை நிறுத்தி, இறங்கி, கையை உயர்த்திக்கொண்டு நடந்து போகவேண்டும். மாமா அந்த இடத்தில் காரை நிறுத்தினார். ஆனால் இஞ்சினை நிறுத்தவில்லை. கார் நடுங்கிக்கொண்டு நின்றது. மண்மூட்டைக்குப் பின்னால் ஒருவன் சிங்களத்தில் கத்தினான். இன்னொருவன் எழும்பித் துவக்கை எங்கள் கண்ணாடிக்கு நேராக நீட்டினான்.

எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரிந்த இடமாக இருந்தது. இப்படித்தானே படத்திலும் மறித்தார்கள்! நான் சீற்றில் ஏறி முழங்காலில் நின்று, "ஓட்டுங்க மாமா! உடைச்சிக்கிட்டு ஓட்டுங்க! வெடி படாது!" என்று உரத்துக் கத்தினேன்.

பளாரென்று ஓர் அறை. அதுவரை ஒரு நாளும் என்னில் கை வைக்காத மாமா. என் தலை கதவில் மோதியது. அதே கையால் அவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றுபோனது.

அந்த அமைதியை நான் மறக்கவில்லை. மாமா இரண்டு கையையும் கண்ணாடிக்கு வெளியே நீட்டினார். "லெடெக், மாத்தயா, லெடெக்" என்றார். 'நோயாளி, ஐயா' என்று சொல்ல அவருக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.  எனக்கு அழுகைகூட வரவில்லை.

துவக்கோடு வந்தவன் பின்கதவைத் திறந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பொடியன். சித்தியைக் கண்டான், சீற்றில் இருந்த இரத்தத்தைக் கண்டான். ஓரடி பின்னால் போய் ஏதோ கூவினான். மாமா சாவியைத் திருப்பிக் காட்டினார். கார் விக்கக்கூட இல்லை. உடனே நாலைந்து பேர் துவக்குகளை முதுகில் போட்டுக்கொண்டு ஓடிவந்து காரின் பின்னால் கையை வைத்தார்கள். "தல்லு! தல்லு!" என்றார்கள். தள்ளுவதற்கு அவர்களிடமும் எங்கள் சொல்தான் இருந்தது. தெரு இறக்கத்தில் இஞ்சின் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் சித்தியை உள்ளே கொண்டுபோய் வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்தா. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள், பொம்பிளைப் பிள்ளை என்று சொல்லிவிட்டு நிலத்தில் இருந்து அழுதா. என் கன்னத்தைப் பார்த்ததும், "ஏன் தம்பி பிள்ளைக்கு இப்பிடி அடிச்சனி?" என்று கேட்க மாமாவைத் தேடினா. நான் மாமாவோடு கோபம் என்றபடியால் அவர் எங்கே என்று பார்த்திருக்கவில்லை.

அம்மா அனுப்பித் தேடிப் போனபோது அவர் காருக்குள்ளேயே இருந்தார். இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். கை நடுங்கியது, தோள் நடுங்கியது, பல் கிட்டியது. வெயிலோ கொளுத்திக்கொண்டிருந்தது. பிள்ளை பிறந்துவிட்டது என்றேன். தலையை ஆட்டினார். ஆனால் ஸ்ரியரிங்கை விடவில்லை.

"காய்ச்சலா மாமா?" என்றேன்.

"ஓம் மனே. காய்ச்சல்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். என்னை அடித்த கைக்குக் கடவுள் அன்றைக்கே காய்ச்சலைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு காய்ச்சல் குளிசை வாங்கித் தரும்படி அம்மாவிடம் சொல்ல ஓடினேன்.