மிதந்தவை

சின்னவளிடம் எதைக் கேட்டாலும் நேராக ஒரு பதில் வராது. செருப்புக் கடையில் இரண்டு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை நிற்கிற ரகம். அவளுடைய அக்கா பள்ளிக்கூடம் படிக்கும்போதே வக்கீல் ஆவேன் என்று சொன்னாள், சொன்னபடி ஆகியும்விட்டாள். சின்னவளோ உயிரியலில் பட்டம் வாங்கி வீட்டில் மாட்டிய பிறகும் மதில்மேல் பூனைதான். மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று கேட்டால், இரண்டுமே நல்லதுதான் என்பாள். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு பயிற்சி இருந்தது. கல்லூரி முடித்த கையோடு ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு வருடம் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகையும் தந்து, இந்த வேலை உனக்கு ஒத்துவருமா என்று நீயே பார்த்துக்கொள் என்பார்கள். நேர்காணலுக்கு வந்த மற்றவர்கள் உலகத்தைக் காப்பாற்றப்போவதாகச் சொன்னார்கள். சின்னவளை அந்தக் கூடத்தை நடத்தும் பேராசிரியை "ஏன் புற்றுநோய்?" என்று கேட்டதற்கு, வெகுநேரம் யோசித்துவிட்டு "சரியாத் தெரியல மேடம்" என்றாள். அவளைத்தான் எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் யாருக்கும் அந்தக் குழப்பம் இல்லை. பொண்ணு கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று அம்மா மாடிப்படியில் ஏறுபவர் இறங்குபவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பெற்ற தாயின் வாயை மூட மட்டும் எங்கே போய்த் தேடுவது? மூன்றாவது வீட்டுக்காரர் தன் முதுகுவலியைப் பற்றி அவளிடம் விசாரிக்கத் தொடங்கினார்.

உண்மையில் அவள் செய்தது குழந்தை வளர்ப்பு மாதிரி ஒரு வேலை. எப்போதோ ஒரு நோயாளியின் பெருங்குடல் கட்டியிலிருந்து எடுத்து, தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடுவைகளில் வளர்த்துவருகிற செல்கள். அவற்றை இளஞ்சூட்டில் வைத்து, பழைய ஊட்டத் திரவத்தைக் கொட்டிப் புதியதை ஊற்ற வேண்டும். சேர்ந்த புதிதில் வேறொரு வகை செல்லை வைத்துத்தான் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். உயிருள்ளது குடுவையின் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும், செத்தது பிடியை விட்டு மிதக்கும், மிதப்பதைக் கொட்டிவிடு என்றார்கள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை. அதனால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெருங்குடல் செல்களை அவளிடம் ஒப்படைத்த பிறகும், குடுவையைச் சாய்த்து, மிதந்ததையெல்லாம் ஒரு துளி மிச்சமில்லாமல் கொட்டினாள்.

சில மாதங்களில் ஒரு புது மருந்தைச் சோதிக்கச் சொன்னார்கள். ஊற்றினாள். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் கூண்டோடு காலி. திரும்பச் செய்தாள், திரும்பவும் அப்படியே. பேராசிரியை அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சின்னவள் சந்தோஷப்படலாமா வேண்டாமா என்று தெரியாமல் மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனாள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரியவந்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தனி மனுஷி, தனி ராஜ்ஜியம். யார் எதைச் சொல்ல வந்தாலும் விடையை முதலில் சொல்லு, விளக்கம் அப்புறம் என்பாள். சீக்கிரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லித் தேதியும் கொடுத்திருந்தார். அத்தைக்கு வயிற்றைக் கிழிப்பது என்றால் உள்ளூர நடுக்கம், வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் சின்னவளை எதிரே உட்காரவைத்தாள்.

"உங்க லேப்ல ஏதோ மருந்து வேலை செய்யுதாமே. எனக்கு இருக்கற அதே கட்டிக்குத்தானா?"

குடுவையில் வளர்வது வேறு, மனுஷர் வேறு, இது ஆரம்பம்தான் என்று சின்னவள் மென்று விழுங்கினாள்.

"சுத்தி வளைக்காத. வேலை செய்யுதா இல்லையா?"

"செய்யுது அத்தை."

பிறந்ததிலிருந்து அவள் நேராகச் சொன்ன பதில் அது ஒன்றுதான். போயும் போயும் அங்கேயா சொல்ல வேண்டும்!

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அத்தை குறித்த தேதியில் போகவே இல்லை. அப்பா பதறிப்போய்க் கேட்டதற்கு, வீட்டிலேயே மருந்து தயாராகும்போது எதற்கு வெட்டு குத்து என்றாளாம். சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தையிடம் போய், அந்த மருந்து மனுஷருக்கு வருவதற்கே வருஷக்கணக்கில் ஆகும், வராமலே போனாலும் போகும் என்று சொன்னாள். அப்படியானால் நீ கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை செய் என்று அத்தை அனுப்பிவிட்டாள். அப்பா, அம்மா, அக்கா யார் சொல்லியும் அசையவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பஸ்ஸில் திரும்பும்போது சின்னவளுக்கே ஒரு நப்பாசை எட்டிப்பார்த்தது. ஒருவேளை வேலை செய்துவிட்டால்? அந்த நினைப்புக்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள், ஆனால் நினைப்பு போகவில்லை.

இதற்கிடையில் லேபில் வேறொரு கூத்து. அதே செல்லை உறைபெட்டியிலிருந்து புதிதாக எடுத்து வளர்த்து, லேபின் சீனியர் அக்கா அதே மருந்தை ஊற்றினார். பாதி செல்கூடச் சாகவில்லை. மருந்து கெட்டுவிட்டதா என்று வேறு பாட்டில் பார்த்தார்கள். இன்குபேட்டரின் சூட்டை அளந்தார்கள். குடுவைகள் மாறிவிட்டனவா என்று தேடினார்கள். சின்னவள் கையில் சாகிறது, சீனியர் கையில் பிழைக்கிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல எல்லோரும் அலைந்தார்கள். கடைசியில் சீனியர், நீ எப்போதும் செய்கிறபடி செய், நான் பார்க்கிறேன் என்று பக்கத்தில் வந்து நின்றார்.

சின்னவள் குடுவையைச் சாய்த்துக் கொட்டப்போனாள்.

"அதை ஏன் கொட்டற?"

"மிதக்கறதெல்லாம் செத்ததுதானே அக்கா."

சீனியர் அவள் கையைத் தடுத்தார். கொட்டவிருந்த திரவத்தில் ஒரு சொட்டை எடுத்து, நீலச் சாயம் ஒரு சொட்டு கலந்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்து, அவளைப் பார்க்கச் சொன்னார். செத்த செல்லுக்குள் அந்தச் சாயம் புகுந்துவிடும். உயிருள்ளது அதை உள்ளே விடாது. சின்னவள் குனிந்து பார்த்தாள். எங்கோ ஒன்றிரண்டு நீலம். மற்றதெல்லாம் வெளேரென்று, முத்துமுத்தாக மின்னிக்கொண்டிருந்தது. அத்தனையும் உயிர்.

இந்த வகை அப்படித்தான், பாதி ஒட்டிக்கொண்டும் பாதி மிதந்துகொண்டும் வாழும் என்று சீனியர் சொன்னார். அதை முதலிலேயே சொல்லாதது தன் தப்பு என்றும் சொன்னார். மருந்துக்கு மசியாத முரடுகள் மிதப்பவைதான்போல. அவற்றையெல்லாம் மாதக்கணக்கில் கொட்டிவிட்டு, சொன்னால் கேட்கிற சாதுக்களை மட்டும் சின்னவள் வளர்த்திருக்கிறாள். பேராசிரியை வந்து கேட்டு, இதுதான் இன்னும் சுவாரசியமான கேள்வி, இதையே எடுத்துச் செய் என்றார். சின்னவள் காதில் அது விழவில்லை. அவளுக்கு அத்தையின் முகம்தான் தெரிந்தது. நீலமாகாத அந்த முரடுகளைப் போல அத்தையின் வயிற்றுக்குள் எத்தனை இருக்குமோ!

நேரே அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை கூடத்தில் மேசை விளக்கடியில் உட்கார்ந்து, பொழுதுபோக்குக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் இந்த முறை விடையை முதலில் சொன்னாள்.

"வேலை செய்யல அத்தை. நான் தப்பாப் பண்ணிட்டேன்."

பிறகு விளக்கம் சொன்னாள். அத்தை பேனாவை மூடாமல் கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு, "உசுரோட இருந்ததையா கொட்டிட்டு இருந்த?" என்றாள்.

"ஆமா."

"அப்ப எனக்கு இனிமே என்ன ஆகும்?"

சின்னவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள், டாக்டரிடம் போகலாம் அத்தை என்று சொல்லி அழுதாள். அத்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அத்தை எழுந்து உள்ளே போய், பீரோவைத் திறந்து, ஒரு பையில் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

டாக்டர் கோபப்பட்டார். இத்தனை நாள் தள்ளிப்போட்டதில் பரவியிருக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்து, வெட்டி எடுப்பதில் ஒரு சின்னத் துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று அத்தையைக் கேட்டார். அத்தை தன் வழக்கப்படி ஒரே வார்த்தையில் சம்மதம் என்றாள். அது பெயரில்லாமல் ஓர் எண்ணோடு எங்கேயோ போகும், தன் கைக்கு வரவே வராது என்று சொல்லச் சின்னவள் வாயெடுத்தாள். சொல்வதா, வேண்டாமா என்று வழக்கம்போல யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

கதவருகே அத்தை தலையைத் திருப்பி அவள் கையைப் பிடித்தாள்.

"இதையும் கொட்டிடாதடி" என்றாள்.