மாதம் நூற்றுப்பத்து டொலர்

விற்றுப் பிழைக்கிற பொருளையே ஒருவர் சும்மாவும் கொடுத்தால், அது வியாபாரமா, தானமா, வெறும் கணக்குப் பிழையா? கமலேஸ்வரியை அறிந்தவர்கள் பல வருடங்களாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே தோன்றியதாகத் தெரியவில்லை.

ஒட்டுசுட்டானில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, அவருடைய போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. இரண்டு இயந்திரங்கள், ஒரு கணினி, லமினேற் செய்யும் பெட்டி, வாடிக்கையாளருக்கு இரண்டு கதிரைகள். அடையாள அட்டை, காணிப் பத்திரம், யானை அழித்த வயலுக்கான நட்டஈட்டு விண்ணப்பம் எல்லாம் அங்கே ஒன்று இரண்டாகும். ஆனாலும் கடையைத் தூக்கி நிறுத்தியது பரீட்சைத் தாள்கள்தான். ஆசிரியர்கள் தயாரித்துத் தரும் மாதிரி வினாத்தாள்கள், கல்வி வலயத்தின் தவணைப் பரீட்சைத் தாள்கள், விடைகள். கமலேஸ்வரியின் தாய்தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குடியேற்றத்துக்கு வந்தவர்கள். அவர் உயர்தரம் கணிதம் படித்தார், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்து மீள்குடியேறிய அடுத்த வருடம் வவுனியாவில் ஒரு பழைய இயந்திரம் வாங்கி வந்து கடையைத் திறந்தார். படித்த கணிதத்தில் எஞ்சியது, ஒரு தாளில் அச்சுப்பிழை இருந்தால் கண்ணில் குத்தும் என்பது மட்டும்தான்.

தாள் விலை ஏறிய 2022ஆம் ஆண்டில் ஒரு பக்கம் இருபது ரூபா ஆனது. ஒரு நாள் ஒரு தாய் வந்து, கையில் எண்பது ரூபாவை வைத்துக்கொண்டு கேட்டார்: "அக்கா, இந்தப் பன்னிரண்டு பக்கத்தில எந்த நாலு பக்கம் முக்கியமெண்டு பாத்துத் தாங்கோ."

கமலேஸ்வரி பார்த்தார். எந்த நாலு என்று அவரால் சொல்ல முடியவில்லை. அந்தக் கிழமையே வவுனியாவில் இணையத்தள வேலை பார்க்கும் நிஷாந்தனிடம் போய், வருடத்துக்கு ஒன்பதாயிரம் ரூபா கட்டி, ஒரு தளம் திறந்தார். கடையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து ஏற்றினார். யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

"கள்ளுக் கொட்டில் வைச்சிருக்கிறவள் குடியாதையுங்கோ எண்டு போதிச்ச மாதிரிக் கிடக்கு," என்றார் கணவர். அவர் வயல் மனிதர், தாள் வியாபாரம் அவருக்கு விளையாட்டு.

இதற்காகக் கமலேஸ்வரியைப் பெரிய கொடையாளி என்று சொல்லிவிட வேண்டியதில்லை. முதல் வருடம் வருமானம் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது உண்மை. பிறகு, போனில் பார்த்துவிட்டு அச்செடுக்க வருபவர்களால் விழுந்ததில் பாதி திரும்பி வந்ததும் உண்மை. அவர் இரண்டையும் அறிந்திருந்தார், இரண்டையும் மறைக்கவில்லை. மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள் சேர்ந்தன. மன்னாரிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பிள்ளைகள் இறக்கினார்கள்.

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து கிழமை இருக்கையில் நிஷாந்தன் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, உங்கட சைற்றை இனி இந்த விலையில வைச்சிருக்க ஏலாது."

"ஏன் தம்பி, காசு கட்டினனான்தானே?"

"கட்டினது பிரச்சினையில்லை. அறுபது சைற்றும் ஒரே சேர்வரிலதான் கிடக்கு. ஒரு வளவுக்குள்ள அறுபது குடும்பம், ஒரு கிணறு எண்டு வையுங்கோ. எல்லாரும் வாளியால அள்ளுகினம். நீங்கள் மட்டும் மோட்டர் வைச்சு இறைக்கிறியள். மற்றச் சனம் எனக்கு ஏசுது."

"நான் என்ன, வெங்காயத் தோட்டமோ செய்யிறன்?"

"செய்யிற மாதிரித்தான் இழுக்குது அக்கா. உங்களுக்கெண்டு தனிக் கிணறு வேணும். தனிச் சேர்வர் ஒண்டு வாடகைக்கு எடுக்கலாம். நூற்றுப்பத்து டொலர்."

"வருசத்துக்கோ?"

"மாதத்துக்கு."

இரண்டு கிழமை தவணை கொடுத்தான். அதற்குள் ஒரு முடிவு இல்லையென்றால் தளத்தை நிறுத்த வேண்டிவரும் என்றான். பரீட்சைக்கு மூன்று கிழமை முந்தி. பிள்ளைகள் மாதிரித் தாள் தேடி அலைகிற காலமே அதுதான்.

கமலேஸ்வரி தனக்குத் தெரிந்த அலகில் கணக்குப் பார்த்தார். நூற்றுப்பத்து டொலர் என்றால் முப்பத்து மூவாயிரம் ரூபா அளவில் வரும். தாளும் மையும் போக ஒரு பக்கத்தில் மூன்று ரூபா மிஞ்சும். ஆக, மாதம் பதினோராயிரம் பக்கம். ஒட்டுசுட்டானில் பிறந்தவர்கள், இருப்பவர்கள், செத்தவர்கள் எல்லோருடைய பத்திரங்களையும் கொப்பி எடுத்தாலும் அவ்வளவு வராது.

மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து சின்னராசா மாஸ்டர் காரில் வந்து இறங்கினார். பெரிய ரியூசன் நிலையம் நடத்துபவர், நிஷாந்தனிடம் கதை கேள்விப்பட்டிருந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, நேராகவே விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு வருசத்துக் காசு நான் கட்டுறன் தங்கச்சி. ஒவ்வொரு தாளிலயும் என்ர நிலையத்தின்ர பேர் இருக்கோணும். புதுத் தாள் வந்தால் முதல் ஒரு மாதம் என்ர பிள்ளையளுக்கு. பிறகு ஊருக்கு."

"அப்ப மற்றப் பிள்ளையள் ஒரு மாதம் பாத்துக்கொண்டு இருக்கிறதோ, மாஸ்டர்?"

"இப்ப விட்டால் ஒரேயடியாப் பாத்துக்கொண்டு இருக்குங்கள். சும்மா குடுக்கிற சாமானுக்கும் ஒரு சொந்தக்காரன் வேணும். இல்லாட்டி அது நிக்காது."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அதுதான் கமலேஸ்வரிக்குக் கஷ்டமாக இருந்தது. பிழையான ஆளுக்கு மறுப்புச் சொல்வது இலகு. பாதி சரியான ஆளிடம் நாக்கு எழும்பாது. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார். புதன்கிழமை, ஊராருக்கெல்லாம் கடிதம் அடித்துக் கொடுக்கிற அதே கணினியில், மாஸ்டருடனான தன் ஒப்பந்தத்தைத் தானே அடித்து, இரண்டு பிரதி எடுத்து மேசையில் வைத்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

அன்று மத்தியானம் பஸ்லியா ரீச்சர் வந்தார். தண்ணீரூற்றுப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிப்பவர், முப்பது வயதிருக்கும். நாற்பது பிரதி எடுக்கக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத் தாளை மேசையில் கண்டு, கேட்காமலே வாசித்தார்.

"இதென்னக்கா, கலியாண எழுத்தோ?"

கமலேஸ்வரி கதையைச் சொன்னார். கிணறு, மோட்டர், டொலர், மாஸ்டர்.

"கிணறு கிடக்கட்டும். உங்கட தாள் ஒண்டை இறக்க என்ர பிள்ளையள் படுற பாடு தெரியுமோ? ஒருத்தி டேட்டா போட்டு இறக்கி, பத்துப் பேர் அவளின்ர போனைச் சுத்தி நிண்டு எழுதுதுகள். அப்பிடி என்ன கல்லோ கட்டி வைச்சிருக்கிறியள்?" என்றபடி கணினிப் பக்கம் வந்து ஒரு தாளின் அளவைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"தொண்ணூற்று நாலு மெகாபைற்! பன்னிரண்டு பக்கம்! கறுப்பு வெள்ளைத் தாளை ஏனக்கா கலர்ல, ஆகக் கூடின தரத்தில எடுத்தனீங்கள்?"

"வேற எப்பிடி எடுக்கிறது?" கமலேஸ்வரிக்குச் சற்றுக் கோபம் வந்தது. "கொப்பியில கொப்பி எடுத்தால் மங்கும் ரீச்சர். மூண்டாம் தரம் எடுத்தால் கோடு போகும், நாலாம் தரம் அடுக்குக் குறி போகும். அதனால மூலம் பலமா இருக்கோணும். பதினாலு வருசமா இதுதான் என்ர தொழில். எனக்கு நீங்கள் படிப்பிக்காதையுங்கோ."

"இது மங்காதக்கா."

"என்ன?"

"ஆயிரம் பிள்ளை இறக்கினாலும், ஆயிரமாவது பிள்ளைக்கும் முதலாவது பிள்ளைக்குக் கிடைச்சதேதான் கிடைக்கும். ஒரு புள்ளியும் குறையாது."

இதைக் கமலேஸ்வரி அறியாதவர் அல்ல. சொன்னால் யாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பதினாலு வருடமாக அவருடைய கைக்குத் தெரிந்தது வேறு: ஒன்றைக் கொடுக்கக் கொடுக்க அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், ஆகவே கொடுப்பவர் தொடக்கத்திலேயே மிகையாக வைத்திருக்க வேண்டும். தேயாத ஒன்றையும் தேயும் என்று பயந்து, பயத்தின் எடையை ஒவ்வொரு தாளின் தலையிலும் ஏற்றியிருந்தார். அந்த எடைதான் நிஷாந்தன் சொன்ன மோட்டர்.

பஸ்லியா ஒரு தாளைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கிக் காட்டினார். தொண்ணூற்று நாலு மெகாபைற், இரண்டுக்கும் கீழே வந்தது.

கமலேஸ்வரி நம்பவில்லை. பழையதையும் புதியதையும் அச்செடுத்து, இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். வர்க்கமூலக் குறி இருந்தது. மேலே ஏறிய சின்ன இரண்டு இருந்தது. கேத்திரகணிதப் படத்தில் கோணப் பெயர்கள் இருந்தன.

"எல்லாம் நிக்குது," என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். பஸ்ஸுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "மூண்டு வருசம், ரீச்சர்! மூண்டு வருசமா அந்தப் பெட்டைகளைப் போனைச் சுத்தி நிக்க வைச்சது நானே!"

"நீங்கள்தான். அதுக்குத் தண்டனை, என்ர நாற்பது பிரதிக்கும் காசில்லை."

"போங்கோ, பாதி தாங்கோ."

பஸ்லியா தன் மடிக்கணினியைக் கடையில் விட்டுப் போனார். அது வியாழனும் வெள்ளியும் ஓயாமல் சுருக்கிக்கொண்டிருந்தது. கமலேஸ்வரி ஒவ்வொரு தாளையும் திறந்து குறிகளைச் சரிபார்த்தார். வெள்ளி பின்னேரம் சின்னராசா மாஸ்டர் வந்தபோது விஷயத்தைச் சொன்னார். மாஸ்டர் ஒப்பந்தத் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நல்லது தங்கச்சி, எனக்கும் காசு மிச்சம்," என்று தன் நிலையத்தின் விளம்பரத்தை இருநூறு பிரதி எடுத்துக்கொண்டு, விலைப்படி காசு கொடுத்துவிட்டுப் போனார். மனஸ்தாபம் இல்லை. கையெழுத்தில்லாத இரண்டு தாள்களின் பின்பக்கமும் வெறுமையாக இருந்ததால், கமலேஸ்வரி அவற்றைக் கணக்கெழுதப் பயன்படுத்தினார்.

அடுத்த கிழமை நிஷாந்தன் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, மோட்டரைக் கழட்டிப் போட்டியளோ?"

"கழட்டியாச்சு. இப்ப வாளிதான்."

"அப்ப பழைய ஒன்பதாயிரத்தில கிடவுங்கோ."

அன்று அவர் வழமையைவிட நேரத்தோடு கடையைப் பூட்டி, வீட்டில் ஆற அமர இருந்து சாப்பிட்டதாகக் கணவர் சொன்னார். பல நாளுக்குப் பிறகு அவருடைய கறியில் உப்புச் சரியாக இருந்ததாம்.

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை பஸ்லியா மடிக்கணினியை எடுக்க வந்தார். பட்டியலைக் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். நானூற்றுப் பதினொன்று சுருங்கியிருந்தன. ஒன்று அப்படியே கிடந்தது. யுத்த காலத்துத் தாள்: 2007ஆம் வருடத் தவணைப் பரீட்சை, ஆண்டு பதினொன்று, கணிதம். திறந்து பார்த்தார். பழுப்பேறிய தாள், நாலாக மடித்த தடம். யாரோ பென்சிலால் ஓரத்தில் கணக்குச் செய்திருந்தார்கள். ஏழாவது வினாவின் பாதியில் பென்சில் நின்றிருந்தது. சுருக்கினால் அந்தப் பென்சில் கோடுகள்தான் முதலில் போகும்.

"அக்கா, இதொண்டு விடுபட்டுப் போச்சு."

"விடுபடேல்லை."

"பாடத்திட்டமும் மாறிப்போச்சு, ஒருத்தரும் இறக்கிறதில்லை. ஐம்பது தாளின்ர இடத்தை இதொண்டே பிடிச்சிருக்கு."

"தெரியும். எழுதின பிள்ளை மிச்சத்தைச் செய்யத் திரும்பி வரேல்லை. அது அப்பிடியே இருக்கட்டும்," என்றார் கமலேஸ்வரி.