தடுப்புக்கு வெளியே ஒரு வீடு

மிஸிஸிப்பி ஆற்றைச் சுவர் வைத்து மறைக்காத ஊர் என்று சொல்லிக்கொள்வதில் அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. சுற்றுலா வண்டியில் ஊரைக் காட்டும் ஆர்லிஸ் பெஹ்ரன்ஸுக்கு அது இன்னும் ஒரு படி அதிகம். சிப்பியில் சட்டைப் பொத்தான் செய்த பழைய ஆலை, மர வியாபாரிகள் குன்றின்மேல் கட்டிய மாளிகைகள் எல்லாம் காட்டிவிட்டு, வண்டியை ஆற்றோரம் நிறுத்தச் சொல்வாள்.

“மத்த ஊர்ல போய்ச் சுவரைப் பாருங்க. இங்க ஆத்தையே பாக்கலாம்.”

வெள்ளச்சுவர் வேண்டுமா என்று ஊரில் வாக்கெடுப்பு வைத்தபோது, வீடு வீடாக ஏறி ‘வேண்டாம்’ போடச் சொன்னவள் அவள்தான். அவள் வீடு ஆற்றைப் பார்த்த முதல் தெருவில். கணவன் போனபிறகு அந்த வீடும் ஆறும்தான் அவளுக்கு மிச்சம்.

இந்த வசந்தத்தில் வடக்கே பனி உருகியது, மழையும் சேர்ந்துகொண்டது. மணல்மூட்டைத் தடுப்பு இரண்டாம் தெருவில்தான் வரும் என்றான் நகராட்சிப் பொறியாளன்.

“ஒரு தெரு முன்னால தள்ளிப் போடக் கூடாதா, தம்பி?”

“அங்க மண்ணு தாங்காதும்மா. என்னை மன்னிச்சிடுங்க.”

அவனே அழுதுவிடுவான் போலிருந்தது. அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. யாரைத்தான் திட்டுவது?

குழாய் ரிப்பேர் வேலை செய்யும் பக்கத்து வீட்டு டுவேன் தன் சாமான்களோடு அவள் சாமான்களையும் லாரியில் ஏற்றினார். பியானோ மட்டும் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றது.

“சுவர் வேணாம்னு என் வாசல்ல நின்னு என்னமா வாய் கிழியப் பேசின! நானும் போட்டுத் தொலைச்சேன்.”

“அப்ப உன் புத்தி எங்க போச்சு?”

“நீ கொண்டுவந்த ஆப்பிள் கேக்கோட போச்சு.”

இருவரும் சிரித்தார்கள். பியானோவை அங்கேயே விட்டுவிட்டு லாரியில் ஏறினார்கள்.

வெள்ளம் வந்தால் அந்த ஊரில் யாரும் கைகட்டி நிற்பதில்லை. இரண்டாம் தெருவில் வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றினார்கள். ஆர்லிஸும் நின்றாள். லாரிகள் வந்துபோகத் தடுப்பில் விட்டிருந்த இடைவெளி வழியே அவள் வீடு தெரிந்தது. தண்ணீர் படியேறிக்கொண்டிருந்தது.

“அடைச்சிடலாம்” என்றான் பொறியாளன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“என் மூஞ்சியில என்ன இருக்கு? அடைங்க.”

அடுத்த மூட்டை அவள் கைக்கு வந்தது. வாங்கியவளுக்குக் கொடுக்கத்தான் முடியவில்லை. குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். டுவேன் கையை நீட்டியபடி நின்றார், அவசரப்படுத்தவில்லை. பின்னால் இன்னொரு மூட்டை வந்து காத்திருந்தது.

கொடுத்துவிட்டாள்.