நாலு பெண்களுக்கு ஒரு நிறம்

நாலு பெண்களுக்கு ஒரே நிறத்தில் இடுப்புப் பட்டை வேண்டும். இது ஒரு பெரிய காரியமா? நானும் அப்படித்தான் நினைத்தேன்... போன வாரம் வரை.

எங்கள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு விழா. நான் ரசாயனம் கற்பிப்பவள். தொடர் ஓட்ட அணியும் என் தலையில். சரஸ்வதி, ஆமினா, சுபைதா, கடைசியாக ஓடும் ஸ்வீ லான். எங்கள் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் சைக்கிள்கள்கூட ஸ்வீ லானைப் பிடிக்க முடியாது!

என் பட்டியல் பைத்தியம் இந்தப் பத்திரிகையில் என்னை வாசிக்கும் உங்களுக்குத் தெரிந்ததே. கரும்பலகையில் நிறங்களை வரிசையாக எழுதினேன்.

சிவப்பு — கூடாது. ஸ்வீ லானின் தாத்தா இறந்த துக்கம் இன்னும் கழியவில்லை; சீனர் வீட்டில் அதுவரை சிவப்பு ஆகாது.

வெள்ளை? கறுப்பு?

"அம்மா கொன்னு போடுவாங்க டீச்சர்! கல்யாணம் ஆகாத பொண்ணு துக்க நிறம் கட்டலாமா?" என்றாள் சரஸ்வதி.

மஞ்சளோ சுல்தான் வீட்டு நிறமாம்; மற்றவர்கள் கட்டக்கூடாதாம். ஆமினாவின் தகப்பனார் சம்மதிக்க மாட்டார். நீலமும் பச்சையும் எதிரணிகளுக்குப் போய்விட்டன.

எல்லாவற்றையும் அழித்தாயிற்று.

"நீங்க சிவப்பே கட்டுங்க. நான் ஓடல," என்றாள் ஸ்வீ லான், மலாயில்.

"நீ இல்லாம நாங்க எதுக்கு லா? வேடிக்கை பாக்கவா?" என்று ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டுச் சீறினாள் சுபைதா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "வாப்பா கடையில அரிசிச் சாக்கு கிடக்கு டீச்சர். சாக்கு நிறத்துக்கு எந்த வீட்டுல தடை?"

எல்லாரும் சிரித்தோம். ஸ்வீ லான் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் வெட்டிய சாக்குத் துண்டை வெகுநேரம் தடவிப் பார்த்தாள். "இது போதும்," என்றாள்.

சாக்குப் பட்டையோடு ஓடினார்கள். ஜெயித்தார்கள்!

கூட்டத்திலிருந்து ஸ்வீ லானின் தாயார் வந்தார். மற்ற மூவரின் பட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். கண் நிறைய நீர். ஹொக்கியன் சீனத்தில் ஏதோ கேட்டார்.

"எங்க வீட்டுச் சாவுல நெருங்கின சொந்தக்காரங்க உடுத்துறது சாக்குதான்," என்றாள் ஸ்வீ லான். "தாத்தாவுக்கு நீங்களும் பேத்திங்களான்னு அம்மா கேக்கிறாங்க."

"முன்னாடியே ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா அவுத்துடுவாங்களே டீச்சர்!"

ஒருத்தியும் அவிழ்க்கவில்லை. யார் வீட்டு வழக்கத்தையும் மிதித்துவிடக்கூடாது என்று நான் பட்டியல் போட்டேன். இந்தப் பெண்களோ ஒரு வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

சரஸ்வதி மட்டும் மெல்ல என் புடவையை இழுத்தாள். "டீச்சர்... எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க!"

சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகை வாசிப்பதில்லை என்றுதான் நம்புகிறேன்.